கத்தியின் பின்னே வந்த சட்டம்

சலூனில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கும் லைசென்ஸை யாரும் நின்று படிப்பதில்லை. அந்தத் தாளின் பூர்வகதை பாபிலோனில் தொடங்குகிறது.

சுமார் 3,750 ஆண்டுகளுக்கு முன் ஹம்முராபி மன்னர் கல்லில் பொறித்த சட்டங்களில் நாவிதருக்கென்றே இரண்டு உண்டு. அங்கே அடிமைக்கு அடையாளம், அவன் முடி. எஜமானுக்குத் தெரியாமல் அதை மழித்தால் நாவிதரின் கை போகும். யாராவது ஏமாற்றி மழிக்க வைத்திருந்தால், ஏமாற்றியவனுக்கு மரணம். 'அறியாமல் செய்தேன்' என்று சத்தியம் செய்யும் நாவிதர் தப்பிவிடுவார். ஒருவனின் விடுதலையே சவரக்கத்தி முனையில் இருந்தபோது, அரசு அதன் மேல் கண் வைத்ததில் வியப்பில்லை.

பிறகு 1215. ரோமில் கூடிய திருச்சபைப் பேரவை, உடலை அறுத்துச் சுட்டுச் செய்யும் வைத்தியத்தைக் குருமார்கள் செய்யக் கூடாது என்றது. அந்த வேலை மேலும் மேலும் நாவிதர் பக்கம் வந்தது. நம் ஊரில் இதற்கு விளக்கமே வேண்டாம்: முடிதிருத்தும் சமூகத்துக்கு மருத்துவர் என்ற பெயரும், அக்குடும்பப் பெண்கள் பார்த்த பிரசவங்களும் நமக்குத் தெரிந்தவைதானே.

லண்டன் நாவிதர்கள் கெட்ட ரத்தம் என்று சொல்லி அதை இறக்கி, பிடித்த கிண்ணத்தைக் கடை ஜன்னலிலேயே வைத்தார்கள். அதுதான் அவர்களுக்கு விளம்பரப் பலகை! 1307இல் நகராட்சி தடுத்தது: ரத்தத்தை ஜன்னலில் வைக்காதே, சத்தமில்லாமல் தேம்ஸ் ஆற்றுக்குக் கொண்டுபோ. மறு ஆண்டே நாவிதர்களைக் கண்காணிக்க அவர்களில் ஒருவரையே தலைவராக்கினார்கள். 1540இல் மன்னர் எட்டாம் ஹென்றி நாவிதரையும் அறுவை வைத்தியரையும் ஒரே சங்கத்தில் சேர்த்தார். ஆனால் நாவிதருக்குப் பல் பிடுங்கும் வைத்தியம் மட்டுமே மிஞ்சியது. 1745இல் வைத்தியர்கள் தனியே பிரிந்துபோனார்கள்.

அமெரிக்காவில் 1893இல் சிகாகோவில் நாவிதர் பள்ளி வந்தது. சில வாரங்களில் பயிற்சி முடித்தவர்கள் மலிவாக முடிவெட்ட, பழைய தொழிலாளர்கள் கொதித்தார்கள். தாடியில் தொற்றும் சொறியைப் பற்றிய பயமும் சேர்ந்துகொள்ள, 1897இல் மினசோட்டா மாநிலம் தேர்வு வைத்து உரிமம் தரும் சட்டத்தை இயற்றியது. மற்ற மாநிலங்கள் ஒவ்வொன்றாக அதைப் பார்த்து எழுதிக்கொண்டன.

அந்தப் பயம் வீண் என்று சொல்ல மாட்டேன். முதல் உலகப் போரில், சவரப் பிரஷுக்கான பேட்ஜர் என்ற விலங்கின் ரோமத்துக்குத் தட்டுப்பாடு வர, குதிரை ரோமத்துக்குச் சாயமிட்டுப் போலி சவரப் பிரஷ் செய்தார்கள். கிழக்கிலிருந்து சரியாகச் சுத்தம் செய்யாமல் வந்த ரோமத்தில் ஆந்த்ராக்ஸ் நோய்க்கிருமி ஒளிந்திருந்தது. விஷவாயு முகமூடி சரியாகப் பொருந்த வேண்டுமென்று சிப்பாய்கள் தினமும் சவரம் செய்த காலம் அது. முகத்தில் ஒரு சின்னக் கீறல், அதன் மேல் அந்தப் பிரஷ்; அவ்வளவே போதுமாயிருந்தது. 1920இல் ஜப்பானிய சவரப் பிரஷ்களின் இறக்குமதியையே பிரிட்டன் தடை செய்தது.

ஆனால் சுகாதாரத்தைச் சொல்லி வந்த அதிகாரம் வேறு வேலைக்கும் போனது. எனக்கு மனம் பொறுக்காத இடம் இதுதான். அமெரிக்கத் தெற்கில் சவரத் தொழிலின் சிறந்த கைகள் பல கறுப்பினத்தவருடையவை. அடிமையாகப் பிறந்த அலோன்சோ ஹெர்ண்டன், அட்லாண்டாவின் பீச்ட்ரீ வீதியில் பளிங்குத் தரையும் சரவிளக்குமாகக் கடை நடத்தினார். அதே நகரம் 1926இல், கறுப்பின நாவிதர்கள் வெள்ளையினப் பெண்களுக்கும் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் முடிவெட்டக் கூடாது என்று விதி போட்டது. நாவிதர்கள் விடவில்லை, வழக்காடினார்கள். 1927இல் ஜார்ஜியா உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்றது.