திருகோணமலை எழுத்தாளர்களின் நட்புகள்

வடக்கே நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி, தெற்கே கொட்டியாரக்குடாவை ஒட்டிய மூதூர் என நீளும் திருகோணமலைக் கரை, தமிழுக்கு முக்கியமான எழுத்தாளர்கள் சிலரைத் தந்திருக்கிறது. அவர்களில் பலருடைய இலக்கிய நட்புகள் கடலுக்கு அக்கரையில், சென்னையில்தான் வேர்விட்டன.

முதலில் சென்றவர்கள் தி. த. கனகசுந்தரம்பிள்ளையும் அவருடைய தம்பி தி. த. சரவணமுத்துப்பிள்ளையும். அண்ணனுக்கு ஏடும் பதிப்பும் உயிர். சி. வை. தாமோதரம்பிள்ளையின் பதிப்புப் பணிகளுக்குத் தோள் கொடுத்தார். ‘தமிழ் நாவலர் சரிதை’யைத் தாமே பதிப்பித்தார். சென்னை மாநிலக் கல்லூரி நூலகத்தில் பணியாற்றிய தம்பி, 1895இல் ‘மோகனாங்கி’யை வெளியிட்டார். நாயக்கர் காலத்தைக் களமாகக் கொண்ட அதுவே தமிழின் முதல் வரலாற்று நாவலாகப் பலராலும் கருதப்படுகிறது.

திருகோணமலையில் 1939இல் பிறந்த தருமு சிவராமுவுக்கு, அதாவது பிரமிளுக்கு, அக்கரைக்கு வழி திறந்தது ஒரு சிற்றிதழ். சி. சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய ‘எழுத்து’ ஊருக்கு வந்தது. இருபது வயதை ஒட்டிய சிவராமு அதற்குக் கவிதையும் விமர்சனமும் அனுப்பினார். முகம் தெரியாத இளைஞரின் எழுத்தைச் செல்லப்பா தொடர்ந்து அச்சிட்டது அந்த இதழின் பெரிய கொடைகளில் ஒன்று. 1962இல் செல்லப்பா தொகுத்த ‘புதுக்குரல்கள்’ நூலிலும் சிவராமுவின் கவிதைகள் இடம்பெற்றன. பசுவய்யா என்ற பெயரில் சுந்தர ராமசாமி கவிதை எழுதியதும் இதே ‘எழுத்து’வில்தான்.

தம்மைவிட முப்பது வயதுக்கு மேல் மூத்த மௌனியின் கதைத் தொகுதிக்கு முன்னுரை எழுதும் பொறுப்பும் சிவராமுவுக்குக் கிடைத்தது. மௌனியை அணுக அந்த முன்னுரை இன்றும் நல்ல வாசல். பாரிசில் ஐரிஷ்காரரான ஜேம்ஸ் ஜாய்சுக்கு அருகே இளம் சாமுவேல் பெக்கெட் நின்ற நிலையை இது நினைவூட்டும். பார்வை மங்கிவந்த ஜாய்சின் எழுத்து வேலைகளுக்குப் பெக்கெட் உதவினார். ஜாய்சைப் பற்றி ஆரம்பத்திலேயே கட்டுரையும் எழுதினார். அந்த உறவிலும் சில காலம் விரிசல் இருந்தது.

பிரமிளின் விரிசல்கள் ஆழமானவை. 1970களின் தொடக்கத்தில் தமிழகம் வந்தவர், நெருங்கிப் பழகிய வெங்கட் சாமிநாதனோடும் சுந்தர ராமசாமியோடும் பின்னாளில் கடுமையாக மோதினார். அச்சேறிய அந்தச் சண்டைகளில் கசப்பு அதிகம். ஆனாலும் சிற்றிதழ்க் கால விமர்சனத்தின் கூர்மையை அறிய அவற்றைப் படித்தே ஆகவேண்டும். 1997இல் பிரமிள் மறைந்தார். ‘லயம்’ ஆசிரியர் கால சுப்ரமணியம் அவருடைய எழுத்துகளைத் தேடித் தொகுத்துப் பதிப்பித்தார். சுந்தர ராமசாமி தம் ‘நினைவோடை’ வரிசையில் ஒரு நூலைப் பிரமிளுக்கு ஒதுக்கினார்.