புனே திரிசுண்ட கணபதி கோயிலின் காண்டாமிருகச் சிற்பம்

புனே நகரின் சோமவார் பேட்டையில், நாகசரி ஓடைக்கு அருகில் திரிசுண்ட கணபதி கோயில் அமைந்துள்ளது. பீம்கிர் கோசாவி என்பவர் 1754இல் தொடங்கிய இக்கோயிற் பணி 1770இல் நிறைவுற்றது. கருவறையில் மூன்று துதிக்கைகளுடன் மயில்மீது அமர்ந்த கணபதி, நிலவறையில் குருவின் சமாதி, சுவரில் இரு வடமொழிக் கல்வெட்டுகளும் ஒரு பாரசீகக் கல்வெட்டும் என இங்குக் காணத்தக்கவை பல.

அவற்றுள் வரலாற்று நோக்கில் தலையாயது முகப்பிலுள்ள ஒரு புடைப்புச் சிற்பமாகும். ஐரோப்பிய உடையணிந்த வீரர்கள் காண்டாமிருகம் ஒன்றைச் சங்கிலியால் பிணைப்பதாக அது செதுக்கப்பட்டுள்ளது. காண்டாமிருகம் வங்கம், அசாம் நிலங்களோடு தொடர்புடைய விலங்கு. எனவே 1757ஆம் ஆண்டுப் பிளாசிப் போருக்குப்பின் வங்கம் ஆங்கிலேயர் வயப்பட்டதையே இச்சிற்பம் குறிக்கிறது என்பர். கோயில் எழும்பிய காலத்திற்குள்ளேயே அப்போர் நிகழ்ந்தமை இக்கருத்திற்கு அரண் செய்கிறது. கோசாவிகள் துறவியராக மட்டுமன்றி, வணிகராகவும் வடபுலமெங்கும் சென்று வந்தவர்கள். ஆதலின் வங்கத்துச் செய்தி புனேயை எட்டியிருத்தல் இயல்பே.

தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோசி, 1803இல் தம் குலவரலாற்றைப் பெரிய கோயிற் சுவரில் மராத்தி மொழியில் பொறிக்கச் செய்தார். அங்கு எழுத்து ஆற்றிய பணியை இங்கு உருவம் ஆற்றியுள்ளது. கோயிற் சுவரில் எழுத்தைத் தேடும் ஆய்வாளர், சிற்பத்தையும் சான்றாகக் கொள்ளுதல் வேண்டும் என்பதை இஃது உணர்த்துகிறது.

கோயில் நிறைவுற்ற 48 ஆண்டுகளில், 1818இல், பேஷ்வா ஆட்சியும் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. வங்கத்தைப் பிணைத்த சங்கிலி புனேயையும் பிணைத்தது.