வானொலிப் பட்டறையில் பிறந்த வித்தை
கலிபோர்னியாவின் புல்லர்ட்டன் நகரில் 1938ஆம் ஆண்டளவில் வானொலி பழுதுபார்க்கும் கடை திறந்த லியோ ஃபெண்டர், பிறர் கொணர்ந்த பெட்டிகளின் கோளாறுகளை ஆராய்ந்து பெற்ற அனுபவத்தையே மூலதனமாகக் கொண்டு, பிற்காலத்தில் கிதாருக்குரிய வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப்ளிஃபயர்களை நிர்மாணிக்கலானார். அவருடைய ‘பாஸ்மேன்’ ஆம்ப்ளிஃபயரை ஆதாரமாகக் கொண்டே, லண்டனில் ஜிம் மார்ஷலின் இசைக்கருவிக் கடையைச் சேர்ந்த கென் பிரான் முதலியோர் 1962இல் தம் முதல் ஆம்ப்ளிஃபயரை உருவாக்கினர்.

இன்று வீட்டிலேயே வால்வு ஆம்ப்ளிஃபயரைக் கட்டுவோர், ஒலி எழாதபோது, மின்சாரம் வழங்கும் பகுதியில் தொடங்கி, ஒவ்வொரு வால்வின் மின்னழுத்தத்தையும் அளந்து, சமிக்ஞை எக்கட்டத்தில் மறைகிறதென்று கிரமமாகத் தேடும் முறை, அந்தப் பழைய வானொலித் தொழிலாளரின் வித்தையேயாகும். இணைப்பைத் துண்டித்த பின்னும் மின்தேக்கிகளில் 400 வோல்ட்டுக்கு மேற்பட்ட, உயிருக்கே அபாயமான மின்னழுத்தம் தங்கியிருக்கக்கூடும்; ஆதலால், அதனை முறைப்படி வெளியேற்றி, மீட்டரால் உறுதிசெய்த பின்னரே உள்ளே கை வைத்தல் வேண்டும்.