பெயர் பதியாத ‘ஆம்’: சட்டப்பேரவையும் விலங்குகளும், தாம்பரத்திலிருந்து ஒரு பார்வை

2017 ஜனவரி 23 அன்று காலையில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகத் திரண்டிருந்த கூட்டத்தைக் காவல்துறை கலைத்தது. ஐஸ்ஹவுஸ் காவல் நிலையம் எரிந்தது. அன்று மாலையே புனித ஜார்ஜ் கோட்டையில் பேரவை கூடி, முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் கொண்டுவந்த பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்துக்கான தமிழ்நாடு திருத்தச் சட்டமுன்வடிவை ஒருமனதாக நிறைவேற்றியது. 26 நாள் கழித்து, பிப்ரவரி 18இல், அதே அவையில் எடப்பாடி பழனிசாமி அரசின் மீது நம்பிக்கை வாக்கெடுப்பு நடந்தது. தி.மு.க. உறுப்பினர்கள் வெளியேற்றப்பட்ட பின், ஆதரவு 122, எதிர்ப்பு 11. அந்தப் 11 பேரில் பன்னீர்செல்வமும் ஒருவர்.

முதலாவது குரல் வாக்கெடுப்பு. இரண்டாவது தலை எண்ணிய வாக்கெடுப்பு. அரசு நிற்குமா கவிழுமா என்றபோது உறுப்பினர்கள் எழுந்து நின்றார்கள், எண்ணப்பட்டார்கள். காளையின் உடல் மீது எது வதை, எது வதையல்ல என்று முடிவு செய்தபோது குரல் மட்டும் எழுந்து அடங்கிவிட்டது. விலங்கு நலன் பற்றி நம் சட்டமன்ற உறுப்பினர்கள் எப்படி வாக்களிக்கிறார்கள் என்ற கேள்விக்கு இங்கே விடை கிடைக்காமல் போவது ஏன், விடையை வேறெங்கே தேடலாம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

அமெரிக்காவில் 1970களிலிருந்து சுற்றுச்சூழல் அமைப்புகள் உறுப்பினர்தோறும் மதிப்பெண் பட்டியல் வெளியிடுகின்றன. இன்னார் இத்தனை மசோதாவில் இயற்கைக்கு ஆதரவு, இத்தனையில் எதிர்ப்பு, ஆகவே நூற்றுக்கு இவ்வளவு என்று போகும் கணக்கு அது. விலங்கு நல அமைப்புகளும் மாநில அவைகள் வரை இதைச் செய்கின்றன. பெயர் சொல்லி வாக்குப் பதியும் வழக்கம் இருப்பதால் அது அங்கே நடக்கிறது. அதே பட்டியலைத் தாம்பரம், பல்லாவரம், சோழிங்கநல்லூர், வேளச்சேரி, ஆலந்தூர் என்ற ஐந்து தொகுதிகளுக்கும் போட்டுப் பார்க்கலாம் என்று நான் உட்கார்ந்தேன். உறுப்பினர் பெயர், சட்டமுன்வடிவு, வாக்கு என்று மூன்று பத்தி. மூன்றாம் பத்தியில் ஐந்து பேருக்கும் ஒரே ‘ஆம்’தான் எழுத முடிந்தது. அந்த ‘ஆம்’கூட அவர்கள் வாயிலிருந்து வந்தது என்று சொல்ல ஆதாரமில்லை. “ஆம் என்போரே அதிகம்” என்று பேரவைத் தலைவர் சொன்னதற்கு மட்டுமே அவைக்குறிப்பில் சான்று உண்டு.

இதற்குக் கட்சித் தாவல் தடைச் சட்டமே காரணம் என்பது வழக்கமான விளக்கம். 1985இல் அரசமைப்பில் சேர்ந்த பத்தாவது அட்டவணைப்படி, கொறடா உத்தரவை மீறி வாக்களித்தாலோ வாக்களிக்காமல் இருந்தாலோ பதவி போகும். விளக்கம் பாதி சரி. 1992இல் கிஹோட்டோ ஹொலோஹான் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தத் தண்டனையை அரசின் ஆயுளைத் தீர்மானிக்கும் வாக்கெடுப்புக்கும் கட்சியின் அடிப்படைக் கொள்கைக்குமே பொருத்திப் பார்க்க வேண்டும் என்றது. ஒரு சதுப்பு நிலத்தைப் பற்றியோ ஆமையைப் பற்றியோ உறுப்பினர் தனித்து வாக்களித்தால் ஆட்சி கவிழாது. ஆனாலும் தனித்து வாக்களிப்பவர் இல்லை. கொறடாவுக்குப் பயந்து என்பதைவிட, வாக்கைப் பதிவு செய்யக் கேட்பவர் எந்தப் பக்கமும் இல்லை என்பதே பொருத்தமாகப் படுகிறது. எதிர்க்கட்சிக்கும் குரல் வாக்கு வசதிதான். வெளிநடப்புச் செய்துவிட்டால் கடினமான கேள்விக்கு ‘ஆம்’ ‘இல்லை’ இரண்டும் சொல்லாமல் தப்பலாம்.

2023 ஏப்ரல் 21ஆம் நாள் இதற்குச் சரியான சான்று. அன்று பல சட்டமுன்வடிவுகள் வரிசையாக நிறைவேறின. ஒன்று, தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம். இடதுசாரிகள் உள்ளிட்ட கூட்டணிக் கட்சியினரே எழுந்து எதிர்த்து வெளிநடப்புச் செய்தார்கள், தொழிற்சங்கங்கள் கொதித்தன, மே தினத்தன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். இன்னொன்று, சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டம். 100 ஹெக்டேருக்குக் குறையாத திட்டத்துக்காக நிலம் ஒருங்கிணைக்கும்போது ஏரி, ஓடை முதலிய நீர்நிலைகளையும் உள்ளடக்கிக்கொள்ள வழி செய்வது. சூழல் ஆர்வலர்கள் வெளியே எவ்வளவோ சொல்லியும் அது குரல் வாக்கில் நிறைவேறி, அடுத்த ஆண்டு நடைமுறைக்கும் வந்தது. ஒரே அவை, ஒரே நாள். தொழிலாளிக்குச் சங்கம் இருந்தது, கூட்டணிக் கட்சி இருந்தது. ஏரியில் இரை தேடும் நத்தைகுத்தி நாரைக்கு இரண்டும் இல்லை.

விலங்கு எப்போதும் இன்னொருவர் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் நம் அவைக்குள் நுழைந்திருக்கிறது. 1879இல் சென்னை மாகாணம் இயற்றிய நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் காட்டுயிருக்காக வரவில்லை. வேட்டைக்காரத் துரைமார்களுக்குச் சுடுவதற்கு விலங்கு மிச்சமிருக்க வேண்டும் என்பதற்காக வந்தது. கோயில்களில் ஆடு, கோழி பலியைத் தடுத்த 1950ஆம் ஆண்டுச் சட்டம் ஆட்டின் வலியைவிடச் சமயச் சீர்திருத்தத்தையே அதிகம் பேசியது. அரை நூற்றாண்டு தூங்கிக்கிடந்த அந்தச் சட்டத்தை 2003இல் ஜெயலலிதா அரசு தட்டியெழுப்பியது. கிராமத் தெய்வ வழிபாட்டில் கைவைக்கிறார்கள் என்று எதிர்ப்பு கிளம்பவே, 2004 மக்களவைத் தேர்தலுக்குச் சில மாதம் முன் அதே அரசு சட்டத்தையே நீக்கியது. வந்தபோதும் போனபோதும் ஆடு பேச்சில் இல்லை.

மறுபக்கமும் உண்டு. கடல்வாழ் உயிர்களுக்கு இந்தப் பேரவை செய்த பெரிய நன்மை, அவற்றின் பெயரே தலைப்பில் இல்லாத ஒரு சட்டத்தால் வந்தது என்பேன். 1983ஆம் ஆண்டின் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், விசைப்படகுக்காரர்களுக்கும் கட்டுமரக்காரர்களுக்கும் இடையே நடந்த மோதலைத் தணிக்க இயற்றப்பட்டது. கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்றது. பின்னாளில் விதி 5 கடல் மைலாக நீண்டது. குளிர்காலத்தில் முட்டையிடக் கரை தேடி வரும் பங்குனி ஆமைகள் உலவுவது அதே நீர்ப்பரப்பில்தான். 1988 முதல் நீலாங்கரை, பெசன்ட் நகர் மணலில் இரவெல்லாம் நடந்து முட்டை சேகரிக்கும் மாணவர் ஆமைப் பாதுகாப்புக் குழுவினருக்கு இது பாடம். 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கியபோது முதலில் எழுந்த கேள்வி, இழுவைப் படகுகள் அந்த 5 கடல் மைல் கோட்டுக்குள் வந்தனவா என்பதே. சட்டம் இருந்தது, கோடு இருந்தது, கோட்டைக் காவல் காப்பதில்தான் ஓட்டை. அதற்கு வாக்கெடுப்பு கிடையாது.

வாக்கெடுப்பே கிடையாது என்பது இன்னும் ஆழமாகப் போகிறது. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்தபோது அந்தப் பொருள் மாநிலப் பட்டியலில் இருந்தது. அரசமைப்பின் 252ஆவது பிரிவின் கீழ் 11 மாநிலப் பேரவைகள் தீர்மானம் போட்டுக் கேட்ட பிறகே நாடாளுமன்றம் அதை இயற்றியது. அந்தப் பதினொன்றில் தமிழ்நாடு இல்லை. பிறகுதான் நாம் அதை ஏற்றோம். 1976இல் 42ஆவது திருத்தம் காட்டையும் காட்டுயிரையும் பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. அதிலிருந்து சரணாலயம், காப்புக்காடு, பாதுகாப்புத் தலம் எல்லாம் அரசாணையாலும் அறிவிக்கையாலும் வருகின்றன. பாக் விரிகுடா ஆவுளியா காப்பகமும் கடவூர் தேவாங்குச் சரணாலயமும் 2022இல் அப்படித்தான் வந்தன. நல்ல காரியம். ஆனால் எந்த உறுப்பினரும் அவற்றுக்கு வாக்களித்ததில்லை. அவையில் அறிவித்தாலும் விதி 110இன் கீழ் முதலமைச்சர் வாசிப்பார். அதன் மேல் விவாதம் இல்லை, மேசையைத் தட்டுவது உண்டு.

துரைப்பாக்கம்–பல்லாவரம் ரேடியல் சாலையில் விடியற்காலையில் நின்று பார்த்தால் இது கண்ணால் தெரியும். ஒரு பக்கம் பெருங்குடிக் குப்பைமேட்டின் மேல் வட்டமிடும் பருந்துகள். மறுபக்கம் சம்பு வளர்ந்த நீரில் நீலத் தாழைக்கோழிகள் குஞ்சுகளை ஓட்டிக்கொண்டு போகும். கம்பி வேலியோரம் முக்காலியில் கேமராவைப் பொருத்திக்கொண்டு நாலைந்து பேர் பூநாரைக்குக் காத்திருப்பார்கள். தண்ணீர் லாரி ஒன்று அவர்கள் முதுகை உரசுவதுபோலப் போகும். ஒரு காலத்தில் 50 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்திருந்ததாகச் சொல்லப்படும் பள்ளிக்கரணைக் கழுவெளியில் எஞ்சியது இதுதான். 2007இல் ஒரு பகுதி காப்புக்காடானது, 2022இல் 1247.54 ஹெக்டேர் சதுப்பு நிலங்களுக்கான பன்னாட்டு ராம்சார் பட்டியலில் ஏறியது. சதுப்பைத் தின்றதும் ஒரு வாக்கெடுப்பு அல்ல. பட்டாக்களும் திட்ட அனுமதிகளும் சாலைகளும், வேளச்சேரி வரை வந்த பறக்கும் ரயிலும், அரசின் ஆய்வு நிறுவனங்களும் சேர்ந்து துண்டு துண்டாய்த் தின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் மேற்குத் தாம்பரமும் மூழ்கிய பிறகு சதுப்பு நிலம் என்ற சொல் அரசியல் மேடைக்கு வந்தது. வெள்ளத்தை வாங்கிக்கொள்ளும் தொட்டி என்பதால் வந்தது; தாழைக்கோழியின் வீடு என்பதால் அல்ல. அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. தொட்டி காப்பாற்றப்பட்டால் கோழியும் பிழைக்கும்.

நாய் விவகாரம் இதற்கு நேர்மாறு. சேலையூர் கேம்ப் ரோட்டில் இரவு பதினொரு மணிக்குச் சாப்பாட்டுப் பையோடு வண்டியில் வரும் பையன், தெருமுனையில் நாய்கள் எழுந்ததும் இரண்டு காலையும் பெட்ரோல் டேங்க் மேல் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். துரத்திய மூன்றில் ஒன்றின் காது நுனி வெட்டப்பட்டிருந்தது. கருத்தடை செய்து பிடித்த இடத்திலேயே விட்டதற்கு அடையாளம். தொகுதிக்காரர்கள் உறுப்பினரிடம் விலங்கைப் பற்றிப் பேசுவது பெரும்பாலும் இந்த நாயைப் பற்றித்தான். ஆனால் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பது மத்திய அரசு 1960ஆம் ஆண்டுப் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வகுத்த கருத்தடை விதி. இப்போதுள்ளது 2023இன் விதி. நாயைப் பிடிக்க வேண்டியது 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து உருவான தாம்பரம் மாநகராட்சி. 2025இல் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலைய வளாக நாய்களைப் பற்றி ஆணையிட்டது உச்ச நீதிமன்றம். கோட்டைக்கு இந்தச் சங்கிலியில் வாக்கு இல்லை. வாக்காளர் கேட்பதும் உறுப்பினர் வாக்களிக்கக் கூடியதும் சந்திக்கவே இல்லை.

அந்த 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் வேர் நம் பக்கத்தில்தான் இருக்கிறது. கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி அருண்டேல் 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டு, விலங்கு வதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி கூறியதால் திரும்பப் பெற்றார். 1962இல் விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரானார். வாரியத்தின் அலுவலகம் நெடுங்காலம் சென்னையில் இருந்துவிட்டுப் பிறகு ஹரியாணாவுக்குப் போனது. நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று: அவர் நியமன உறுப்பினர். அவருக்குத் தொகுதியும் இல்லை, கொறடாவும் இல்லை. விலங்குக்காக விலங்கின் பெயராலேயே பேச அவரால் முடிந்தது அதனால்தானோ என்று தோன்றுகிறது.

இங்கே ஒரு மறுப்பு வரும். ஜல்லிக்கட்டில் அவை ஒருமனதாக இருந்தது தெரு ஒருமனதாக இருந்ததால்தானே, பெயர் பதிந்திருந்தால் மட்டும் என்ன மாறியிருக்கும் என்று. எண்ணிக்கை மாறியிருக்காது, ஒப்புக்கொள்கிறேன். 2014 மே மாதம் நாகராஜா தீர்ப்பில் தடை விதித்த உச்ச நீதிமன்றமே 2023 மே 18இல் ஐந்து நீதிபதிகள் அமர்வில் திருத்தச் சட்டத்தை ஏற்றது. ஆனால் பதிவு இருந்தால் பிறகு கேட்க முடியும். 2024 டிசம்பர் 9இல் அரிட்டாபட்டி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராகப் பேரவை தீர்மானம் நிறைவேற்றியபோது சூடு பறந்தது எதில்? 2023இல் சுரங்கச் சட்டத் திருத்தத்தை அ.தி.மு.க.வின் தம்பிதுரை மாநிலங்களவையில் ஆதரித்துப் பேசினாரே என்பதில். டெல்லியில் சொன்னது பதிவாகியிருந்ததால் கோட்டையில் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அடுத்த மாதமே ஏலம் ரத்தானது.

வாக்கு கிடைக்காத இடத்தில் ஆய்வாளர் பார்க்க வேண்டியது கேள்வி நேரத்தையும் மானியக் கோரிக்கை மீதான பேச்சுகளையும் வெட்டுத் தீர்மானங்களையும்தான். அவற்றிலும் ஒரு சிக்கல் உண்டு. விலங்கு நம் பேரவையில் இரண்டு அலமாரியில் இருக்கிறது, கால்நடை பராமரிப்பு ஒன்று, வனம் ஒன்று. 2011இல் தாம்பரத்தில் வென்ற டி.கே.எம். சின்னையா கால்நடை பராமரிப்புத் துறை அமைச்சராக இருந்தார். அது விலையில்லா ஆடு, கறவை மாடு வழங்கிய காலம். அவர் துறையின் கோரிக்கை மீது பேசியவர்களை விலங்கின் நண்பர்கள் என்று எண்ணுவதா? கூடாது. அங்கே மாடு வறுமை ஒழிப்பின் கருவி. கால்நடை மருத்துவரில்லாத மருந்தகத்தைப் பற்றிக் கேட்டவரை மட்டும் எண்ணலாம் என்பது என் கருத்து; மாட்டின் நோவு அங்கே தட்டுப்படுகிறது.

ஐந்து தொகுதிப் பட்டியலின் மூன்றாம் பத்தியை அதனால் அழித்துவிட்டு வேறொன்று எழுதிவைத்திருக்கிறேன்: “சர்வே எண் சொல்லிக் கேட்டாரா?” பள்ளிக்கரணை ராம்சார் எல்லையைத் தரையில் அளந்து முடிக்கும் வரை அதைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் கட்டட அனுமதி தரக் கூடாது என்று 2025இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு ஆணையிட்டது. எந்த மனை எல்லைக்கு உள்ளே, எது வெளியே என்பது இனி அளவைச் சங்கிலியில் முடிவாகும். அதைப் பற்றி எழுந்து கேட்க எந்தக் கொறடாவின் அனுமதியும் வேண்டியதில்லை.