வோல்மர், ஆகஸ்ட் (1876–1955)
அமெரிக்க ஐக்கிய நாடுகளில், கலிபோர்னியா மாநிலத்துப் பெர்க்லி நகரக் காவல் துறையை ஒழுக்க நெறியில் நிலைநிறுத்த முயன்ற சீர்திருத்தவாதி. 1905இல் அந்நகர மார்ஷலாக (காவல் தலைவராக)த் தேர்ந்தெடுக்கப்பெற்ற இவர், அரசியல்வாதிகளின் சிபாரிசால் காவலர் உத்தியோகம் பெறும் வழக்கம் பல நகரங்களில் வேரூன்றியிருந்த அக்காலத்தில், கல்வியும் நற்குணமுமே காவலனுக்குரிய யோக்கியதாம்சங்கள் எனக் கொண்டு, 1908இல் காவலர் பயிற்சிப் பள்ளியொன்றை நிறுவியதோடு, பின்னர்க் கல்லூரி மாணாக்கரையும் பணியிற் சேர்த்தார். கைதிகளைச் சித்திரவதை செய்து வாக்குமூலம் பெறுவதைத் தம் துறையில் இவர் தடைசெய்தமை, இவருடைய தொழில்நுட்பப் புதுமைகள் யாவற்றினும் மேலான சாதனை என்றே சொல்லவேண்டும். சட்ட அமலாக்கத்தை ஆராய அமெரிக்க அரசு அமைத்த விக்கர்ஷம் ஆணையத்தின் 1931ஆம் ஆண்டுக் காவல்துறை அறிக்கையிலும் இவருக்குப் பெரும் பங்குண்டு. இவருடைய மாணாக்கர் ஓ. டபிள்யூ. வில்சன் கான்சஸ் மாநிலத்து விச்சிட்டா நகரில் வகுத்த நடத்தை விதிகள், சர்வதேசக் காவல் தலைவர்கள் சங்கம் 1957இல் ஏற்றுக்கொண்ட ஒழுக்கக் கோவைக்கு முன்னோடியாயின.