வருஷத்துக்கு ஒரு கடுதாசி

சில மாதங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். கவுன்டரில் கூட்டம் வடிந்த நேரம். எனக்குப் பல வருடப் பழக்கமான ஒரு அம்மா என் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். ராமநாதபுரம் பக்கம் பூர்வீகம், இங்கே வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. மகன் பிராத்ராபூர் மாவட்டச் சிறையில் விசாரணைக் கைதி. என்ன வழக்கு என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. மகன் கணக்கில் கிடக்கும் பணத்தை எடுக்க வேண்டுமானால் அவன் கையெழுத்துப் போட்ட கடிதமும் அதன் மேல் சிறைக் கண்காணிப்பாளரின் சான்றும் வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தேன். அன்றைக்கு எல்லாம் முறையாக வாங்கி வந்திருந்தார். பணம் வாங்கிய பிறகும் எழுந்திருக்கவில்லை.

"சார், தம்பி கேசு அடுத்த வாய்தா என்னைக்குன்னு உங்க போன்ல பாத்துச் சொல்றீங்களா? வக்கீல் போனே எடுக்க மாட்டேங்கிறாரு."

ஒரு துண்டுச் சீட்டில் வழக்கு எண் இருந்தது. நீதிமன்ற இணையதளத்தில் அதைத் தட்டினேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. அடுத்த தேதி வந்தது. போன தடவை சாட்சி வராததால் தள்ளிப்போனதும் வந்தது.

"இது அவனுக்குத் தெரியுமா சார்?"

"அங்க நெட் கிடையாதும்மா. நீங்க மனு பாக்கப் போறப்ப சொல்லுங்க."

அவர் போய்விட்டார். எனக்குத்தான் அது மண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. சம்பந்தமே இல்லாத நான் பார்க்கிறேன், சம்பந்தப்பட்டவன் பார்க்க முடியாது. அன்று ராத்திரி சாப்பிடும்போது, ஜெயிலில் இருப்பவர்களுக்கு இன்டர்நெட் கொடுக்கலாமா என்று வீட்டில் கேட்டேன். தங்கமணி தீர்ப்பே சொல்லிவிட்டார்: "தப்புப் பண்ணிட்டு உள்ள போனவனுக்கு நெட் ஒண்ணுதான் குறைச்சல்." பத்தாவது படிக்கும் மகள், "அப்ப விசாரணைக் கைதின்னா தப்புப் பண்ணினவனாப்பா?" என்றாள். நான் ரசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன் :-)

நான் படித்தது பி.காம்., சட்டமெல்லாம் தெரியாது. ஆனால் குடியிருக்கும் ஊர் அப்படி. 2024ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரில், நாங்கள் இருக்கும் பகுதி ஷாதிபூர். ஷாதி என்றால் இந்தியில் கல்யாணம். தண்டனைக் குடியிருப்புக் காலத்தில், சில வருடங்கள் ஒழுங்காக நடந்துகொண்ட கைதிகள் பெண் கைதிகளைக் கல்யாணம் செய்துகொண்டு குடித்தனம் நடத்த வெள்ளைக்காரன் அனுமதித்தான். அதனால் வந்த பெயர் என்பார்கள். எங்கள் தெருவிலிருந்து செல்லுலார் ஜெயில் காலை நடைக்குப் போகிற தூரம்தான். ஊரிலிருந்து யார் வந்தாலும் அழைத்துப்போய், கைடு மாதிரி நானே சொல்லும் அளவுக்கு ஆகிவிட்டது. ஆனாலும் அந்த அம்மா வந்துபோன பிறகுதான், அந்த ஜெயிலில் அடிபட்டுக்கொண்டிருந்த கேள்வியும் இதேதான் என்று உறைத்தது.

1896ல் கட்ட ஆரம்பித்து 1906ல் முடித்த கட்டடம். நடுவில் ஒரு கோபுரம், அதிலிருந்து சைக்கிள் சக்கரத்தின் கம்பிகள் போல ஏழு சிறகுகள், மூன்று மாடி. (இன்று மிஞ்சியிருப்பவை மூன்று சிறகுகள்.) ஒரு சிறகின் முன்பக்கம் அடுத்த சிறகின் முதுகைப் பார்க்கும்படி கட்டியிருக்கிறார்கள். அறைக் கதவின் கம்பி வழியாகப் பார்த்தால் எதிரே வெறும் சுவர். இன்னொரு மனித முகம் தெரியக்கூடாது. பொதுவாக ஜெயில் என்றால் ஆளை ஓடவிடாமல் தடுக்கும் இடம். இங்கே அதற்குக் கடலே போதும். இந்தக் கட்டடம் தடுக்க நினைத்தது பேச்சை.

அரசியல் கைதிகளுக்கு வருடத்துக்கு ஒரு கடிதம் எழுதலாம், ஒரு கடிதம் வாங்கலாம். அதையும் அதிகாரி படித்த பிறகுதான். நடத்தை சரியில்லை என்றால் அதுவும் போச்சு. பத்திரிகை கிடையாது. பகலில் செக்கிழுத்து முப்பது பவுண்டு தேங்காய் எண்ணெய் எடுத்துக் கொடுக்க வேண்டும். 1912 ஏப்ரலில் இந்து பூஷண் ராய் அறைக்குள்ளேயே தூக்கில் தொங்கினார். அதே வருடம் உல்லாஸ்கர் தத்துக்குச் சித்தம் கலங்கியது. அவரைக் கப்பலேற்றி மதராஸ் மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். நம் கீழ்ப்பாக்கத்துக்கு இந்தத் தீவோடு அப்படி ஒரு பழைய உறவு உண்டு.

இவ்வளவு கட்டுக்காவலுக்கும் பலன் இருந்ததா என்றால், இல்லை. சுவரில் தட்டித் தட்டிப் பேசினார்கள். சங்கிலியை ஆட்டி எழுத்துக்கூட்டினார்கள். சாவர்க்கர் தன் நினைவுக் குறிப்புகளில் இதையெல்லாம் விவரமாக எழுதியிருக்கிறார். (அவரைப் பற்றிய அரசியல் சண்டைக்கு நான் வரவில்லை.) ஹோதிலால் வர்மா உள்ளே நடப்பதை எழுதி ரகசியமாகக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். அது சுரேந்திரநாத் பானர்ஜியின் 'பெங்காலி' பத்திரிகையில் வந்தது. விஷயம் வெளியே தெரிந்து சத்தம் கிளம்பிய பிறகு, 1913ல் உள்துறை உறுப்பினர் ரெஜினால்ட் கிராடக் தானே வந்து பார்த்துவிட்டுப் போனார். ஜெயிலர் பாரிக்குக் கைதிகள் மேல் திடீரென்று கருணை பிறந்துவிடவில்லை. ஒரு கடிதம் கடலைத் தாண்டியது, அவ்வளவுதான்.

நம் வ.உ.சி.க்கும் 1908ல் முதலில் விழுந்தது இரட்டை ஆயுள், நாடு கடத்தும் தண்டனை. மேல்முறையீட்டில் குறைந்திராவிட்டால் அவரும் இங்கே வந்திருக்கக்கூடும். கோவையிலும் கண்ணனூரிலும் சிறையில் இருந்தார். அங்கேயும் செக்குதான். அந்த நிலையிலும் படிப்பையும் எழுத்தையும் விடவில்லை, ஜேம்ஸ் ஆலனின் நூலைத் தமிழாக்கினார். உள்ளே ஒரு புத்தகமும் பேனாவும் கிடைத்தால் மனிதன் என்ன ஆகிறான் என்பதற்கு அவர் ஒருவர் போதும்.

இப்போது 1933க்கு வருகிறேன், எனக்கு மிக முக்கியமான இடம் அதுதான். இடையில் சில வருடங்கள் அரசியல் கைதிகளை இங்கே அனுப்புவதை நிறுத்தியிருந்தார்கள். 1932ல் மறுபடி ஆரம்பித்தார்கள். சாயங்காலம் அறையைப் பூட்டினால் விடியும்வரை இருட்டு. அடுத்த மே 12ம் தேதி கைதிகள் சாப்பாட்டைத் தொடாமல் உட்கார்ந்தார்கள். கோரிக்கைகள் என்னென்ன? மனிதன் சாப்பிடும்படியான சாப்பாடு, அறையில் விளக்கு, படிக்கப் புத்தகமும் செய்தித்தாளும். ஐந்தாம் நாள், லாகூர் சதி வழக்குக் கைதி மகாவீர் சிங்கைக் கட்டிப்பிடித்து மூக்கு வழியாகக் குழாயைச் செருகிப் பால் ஊற்றினார்கள். பால் நுரையீரலுக்குப் போனது, இறந்துபோனார். அதே மாதக் கடைசிக்குள் மோகன் கிஷோர் நாமதாஸ், மோஹித் மொய்த்ரா இருவரும் போனார்கள். அப்படியும் மற்றவர்கள் அசையவில்லை. 46 நாள் கழித்து அரசாங்கம் இறங்கி வந்தது. விளக்கு வந்தது, பேப்பர் வந்தது. ஜெயிலுக்கு எதிரே இருக்கும் பூங்காவில் இந்த மூவருக்கும் சிலை உண்டு. கையில் ஐஸ்கிரீமோடு அந்தச் சிலைகளின் கீழே நானும் குடும்பத்தோடு படம் எடுத்திருக்கிறேன். விளக்கும் பேப்பரும் கேட்டுச் செத்தவர்கள் என்று அன்றைக்கு ஞாபகமே இல்லை.

வெளிச்சமும் பேப்பரும் வந்த பிறகு நடந்ததுதான் வேடிக்கை. ஜெயில் காலேஜ் மாதிரி ஆனது. சரித்திரம், பொருளாதாரம், அரசியல் என்று வகுப்பு எடுத்துக்கொண்டார்கள், கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார்கள். 1937ல் மாகாணங்களில் தேர்தல் நடந்து காங்கிரஸ் மந்திரிசபைகள் வந்த செய்தி பேப்பர் வழியாக உள்ளே வந்தது. இதுதான் சமயம் என்று எங்களை ஊருக்கு அனுப்பு என மனுப் போட்டார்கள். நடக்கவில்லை என்றதும் ஜூலைக் கடைசியில் மறுபடி உண்ணாவிரதம். இந்தத் தடவை வெளியே எல்லோருக்கும் தெரியும். காந்தியும் தாகூரும் தந்தி கொடுத்தார்கள். செப்டம்பரில் ஆட்களைத் திருப்பி அனுப்ப ஆரம்பித்து, 1938 ஜனவரியோடு அரசியல் கைதிகள் எல்லோரும் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். பேப்பர் கொடுத்தால் வம்பு வரும் என்று வெள்ளைக்காரன் பயந்தது நியாயமான பயம்தான். ஆனால் அந்த வம்பு நல்ல வம்பு.

"அவங்க தியாகிங்க. இன்னைக்கு உள்ள இருக்கறவன் திருடன், கொலைகாரன்" என்று தங்கமணி கேட்டார். சரியான கேள்வி. சுதந்திர இந்தியாவில் உச்ச நீதிமன்றத்துக்கே இது போனது. 1965ல், பாதுகாப்புச் சட்டத்தில் பம்பாயில் அடைபட்டிருந்த பிரபாகர் சன்ஸ்கிரி அணுவைப் பற்றி மராத்தியில் ஒரு அறிவியல் புத்தகம் எழுதினார். கையெழுத்துப் பிரதியை வெளியே அனுப்ப மாட்டோம் என்றது மகாராஷ்டிர அரசு. தடுக்க அதிகாரம் கிடையாது என்றது நீதிமன்றம். சரி, அவராவது அரசியல்வாதி. 1994 வழக்கு யாருடையது தெரியுமா? ஆட்டோ சங்கர். தூக்குத் தண்டனைக் கைதி. அவர் சிறையில் எழுதிய சுயசரிதையை நக்கீரன் வெளியிடக்கூடாது என்று அதிகாரிகள் முயன்றார்கள், அதில் அதிகாரிகள் சிலரின் பெயரே இருந்தது. பொது ஆவணங்களில் உள்ளதை வெளியிட யார் அனுமதியும் வேண்டாம், முன்கூட்டித் தடை போட அரசுக்கு அதிகாரமில்லை என்று தீர்ப்பு வந்தது. தியாகிக்கு ஒன்று, கொலைகாரனுக்கு ஒன்று என்று நீதிமன்றம் பிரிக்கவில்லை.

இன்றைய கணக்கைப் பார்ப்போம். 2022 கடைசியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள், அதாவது நூற்றுக்கு எழுபத்தைந்துக்கு மேல். மகள் கேட்ட கேள்விக்கு இந்த எண்தான் பதில். சாப்பாட்டு நேரத்தில் எனக்கு இது தெரியாது.

ஆனால் நான் பேங்க்காரன். பயம் எனக்கும் உண்டு. ஓடிபி சொல்லிப் பணம் இழந்துவிட்டு என் எதிரே உட்கார்ந்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். டெல்லி சிறைக்குள் இருந்தபடியே ஒருவர் போனில் ஆள் மாற்றிப் பேசி 200 கோடி ரூபாய் பறித்ததாக 2021ல் வழக்கு வந்தது. அந்த ஆள் கையில் முழு இன்டர்நெட்டைக் கொடு என்றால் நானே முதல் ஆளாக எதிர்ப்பேன். ஆனால் ஒன்று, அப்போதும் சிறையில் போன் தடைதான். காசுள்ளவனுக்கு அது போய்ச் சேர்ந்துவிடுகிறது. விதிப்படி நடக்கும் ஏழைக்குத்தான் வாய்தா தேதிகூடத் தெரியவில்லை.

வழி இல்லாமல் இல்லை. எங்கள் ஆபீஸ் கணினியிலேயே எல்லாத் தளமும் திறக்காது, அனுமதித்த சில தளங்கள்தான். யார் எந்த நிமிடம் எதைத் தொட்டார் என்பது பதிவாகும். ஒருவர் போட்ட என்ட்ரியை இன்னொருவர் சரிபார்த்தால்தான் நகரும். கோடிக்கணக்கான பணத்தை இப்படிப் பூட்டிப் புழங்க முடிகிறது என்றால், ஜெயிலில் ஒரு அறையில் நாலு கணினி வைத்து வழக்கு விவரம், சட்டப் புத்தகம், தொலைதூரக் கல்விப் பாடம் மட்டும் திறக்க வைப்பது என்ன பெரிய வித்தை? நார்வேயில் படிப்புக்காக இப்படி வடிகட்டிய இணையம் கொடுக்கிறார்கள். எஸ்டோனியாவில் சட்டத் தளங்கள் சிலவற்றைக் கைதிகள் பார்க்கலாம். அங்கே கால்டா என்ற ஆயுள் கைதி, நாடாளுமன்றத் தளத்தையும் இன்னும் இரண்டையும் ஏன் தடுத்தீர்கள் என்று வழக்குப் போட்டு, 2016ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் ஜெயித்தார். அரசே கணினியைக் கொடுத்துவிட்டு அதில் இரண்டு மூன்று சட்டத் தளத்தைக் கூட்டினால் என்ன ஆபத்து என்பதுதான் நீதிபதிகளின் கேள்வி.

நம்மிடமும் ஆள் இருக்கிறார்கள். பேரறிவாளன் சிறையில் இருந்தே 2012ல் பிளஸ் டூவில் 1096 வாங்கினார், அஞ்சல் வழியில் கம்ப்யூட்டர் பட்டமும் படித்தார். இன்டர்நெட் இல்லாமல் கம்ப்யூட்டர் பட்டம்! 2020ல் கொரோனாவால் மனு பார்ப்பது நின்றபோது தமிழ்நாட்டுச் சிறைகளில் வீடியோவில் குடும்பத்தோடு பேச வைத்தார்கள். வானம் இடிந்து விழவில்லை.

அதே 2020 ஆகஸ்டில்தான் சென்னையிலிருந்து 2,300 கிலோமீட்டர் கடலடிக் கேபிள் இங்கே வந்து சேர்ந்தது. அதற்கு முன் ஒரு மெயில் திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். நாங்களும் பாதிக் கைதிகள்தான் என்று அப்போதெல்லாம் ஜோக் அடிப்போம். இப்போது அந்த ஜோக்கை நான் அடிப்பதில்லை.

அந்த அம்மா போன வாரம் மறுபடி வந்தார். அதே துண்டுச் சீட்டு, மடிப்பில் கிழிந்து செலோடேப் ஒட்டியிருந்தது. சாட்சி இந்தத் தடவையும் வரவில்லை. புதுத் தேதியை அதன் பின்பக்கம் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். திங்கட்கிழமை மனு பார்க்கப் போகிறாராம்.