தினமும் ஒரே படம்: கொடைக்கானல் சூரியத் தகடுகள்

ஒட்டன்சத்திரத்தில் எந்த மொட்டை மாடியில் ஏறித் தெற்கே பார்த்தாலும் பழனி மலைத்தொடர் சுவர் மாதிரி நிற்கும். கேமரா வாங்கிய புதிதில் அந்த மலையைத்தான் நூற்றுக்கணக்கில் எடுத்துத் தள்ளினேன். படம் பிடிக்கும் நண்பர் ஒருவர் பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆனா உங்க ஸ்டைல் எதுங்க?" என்றார். அந்தக் கேள்வி ரொம்ப நாள் உறுத்தியது. பதில் தேடப்போய், அதே மலையின் உச்சியில் நூறு வருஷத்துக்கு மேலாக ஸ்டைலே வேண்டாம் என்று படம் எடுத்துக்கொண்டிருப்பவர்களிடம் போய்ச் சேர்ந்தேன். அவர்கள் எடுப்பது ஒரே ஆளை: சூரியனை.

கதை பஞ்சத்தில் தொடங்குகிறது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானவர்கள் செத்தார்கள். மழை ஏன் பொய்த்தது என்று அரசாங்கம் யோசித்தபோது, சூரியப் புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற எண்ணம் விஞ்ஞானிகளிடையே பலமாக இருந்தது. அப்படியானால் சூரியனைத் தினமும் கவனிக்க வேண்டும். 1792-லிருந்து நுங்கம்பாக்கத்தில் இருந்த சென்னை வானாய்வகம் அதற்குத் தோதுப்படாது. தூசியில்லாத மலை வேண்டும். மிக்கி ஸ்மித் தென்னிந்திய மலைகளில் சோதனை செய்து பார்த்துக் கொடைக்கானலைச் சிபாரிசு செய்தார். 1895-ல் ஆளுநர் வென்லாக் பிரபு அடிக்கல் நாட்டினார். 1899-ல் ஆய்வகம் மலையேறியது. உயரம் சுமார் 2,340 மீட்டர். அப்போது மேலே போக மோட்டார் சாலை கிடையாது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

1904-லிருந்து சூரியனின் முழு வட்டத்தைப் படம் எடுக்கும் தினசரி வேலை நடக்கிறது. நமக்கு வெளிச்சம் போதாது என்பது பிரச்சினை; அவர்களுக்கு வெளிச்சம் அதிகம் என்பது பிரச்சினை. அதைவிடப் பெரிய தலைவலி காற்று. வெயில் ஏற ஏறத் தரை சூடாகி, கானல் மாதிரி பிம்பம் நடுங்கும். அதனால் காலை நேரம்தான் தோது. கல்யாண போட்டோகிராபர்கள் காலை வெளிச்சத்தைத் தேடுவது அழகுக்காக. இவர்கள் தேடுவது நடுக்கமில்லாத காற்றுக்காக.

எனக்கு ரொம்பப் பிடித்த கருவி ஸ்பெக்ட்ரோஹீலியோகிராஃப். அமெரிக்காவில் ஹேலும் பிரான்சில் தெலாந்தரும் 1890-களின் தொடக்கத்தில் தனித்தனியாக உருவாக்கியது. சூரிய பிம்பத்தின் ஒரு மெல்லிய கீற்றை மட்டும் ஒரு பிளவு வழியாக உள்ளே விடுவார்கள். அது நிறமாலையாகப் பிரியும். இரண்டாவது பிளவு அதில் ஒரே ஒரு நிறத்தைப் பிடிக்கும். உதாரணமாகக் கால்சியத்தின் கே கோடு, 393.4 நானோமீட்டர். பிளவு மெல்ல மெல்லச் சூரியனைக் கடக்க, கோடு கோடாகத் தகட்டில் முழு வட்டம் உருவாகும். சுருக்கமாகச் சொன்னால், நம்ம ஆபீஸ் ஸ்கேனர் வேலைதான்!

கால்சியம் கோடு ஊதா ஓரத்தில் இருப்பதால் அந்தக் காலத் தகடுகளுக்கு அது சுலபம். ஹைட்ரஜனின் சிவப்புக் கோடு அப்படியல்ல. சாதாரண வெள்ளி உப்புப் பூச்சுக்குச் சிவப்பு தெரியாது. இருட்டறையில் சிவப்பு விளக்கு போட முடிவதும் அதனால்தான். சாயம் சேர்த்துச் சிவப்புக்கும் உணர்வூட்டிய தகடுகள் தேவைப்பட்டன. ஆக, கால்சியம் படங்கள் முதலிலும் ஹைட்ரஜன் வரிசை 1912 வாக்கிலும் தொடங்கியதற்குப் பின்னால் இருட்டறை ரசாயனமும் இருக்கிறது.

இங்கே ஜான் எவர்ஷெட்டைச் சொல்லாமல் போக முடியாது. இங்கிலாந்தில் ரசாயனப் பகுப்பாய்வு வேலை பார்த்துக்கொண்டே ஓய்வு நேரத்தில் சூரியனை ஆராய்ந்தவர். 1907-ல் கொடைக்கானல் வந்தார். 1909 ஜனவரியில் சூரியப் புள்ளிகளின் நிறமாலையைப் படமெடுத்தபோது, புறநிழல் பகுதியில் கோடுகள் லேசாகச் சாய்ந்திருந்தன. தள்ளிவிடக்கூடிய அளவு சாய்வு. அவர் தள்ளிவிடவில்லை. புள்ளியின் மையத்திலிருந்து வெளிப்பக்கமாக வாயு பாய்கிறது என்று அதிலிருந்து கண்டுபிடித்தார். இன்று உலகம் முழுக்க அதற்கு எவர்ஷெட் விளைவு என்று பெயர். மனைவி மேரியும் ஆய்வாளர்தான். சூரியப் பிழம்புகளைப் பற்றி இருவரும் சேர்ந்து எழுதிய பெரிய ஆய்வு 1917-ல் வந்தது.

தனிப்பட்ட பாணி என்றால் எனக்கு இப்போது எவர்ஷெட்தான் ஞாபகம் வருகிறார். படத்தில் அவர் கைரேகை எதுவும் தெரியாது. எதைக் கவனித்தார் என்பதில்தான் அவர் தெரிகிறார்.

சூரியப் புள்ளியை வைத்து மழையைச் சொல்லும் ஆசை நிறைவேறவில்லை. ஆனால் தகடுகள் வீண்போகவில்லை. சூரியச் சுழற்சி ஒன்றுக்குச் சுமார் 11 வருஷம். பத்துச் சுழற்சிகளை ஒப்பிட வேண்டுமானால் நூறு வருஷத்துப் படம் வேண்டும்; அப்படிப்பட்ட தொகுப்புகள் உலகில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. இயக்குநர்கள் மாறினார்கள், ஆட்சி மாறியது, 1971-ல் ஆய்வகம் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் பகுதியானது. தினசரிப் படம் தொடர்ந்தது.

பிற்பாடு தகடுகளை டிஜிட்டலாக்கியபோது ஒரு சங்கடம் வெளியே வந்தது. சில படங்களில் தேதி, நேரக் குறிப்பு தவறு. சிலவற்றில் சூரியனின் வடக்கு எந்தப் பக்கம் என்பதில் குழப்பம். புள்ளி படத்தில் தெளிவாகத்தான் இருக்கும். ஆனால் நேரம் தப்பானால் அது சூரியனில் எந்த இடம் என்பதும் தப்பாகிவிடும். ஆராய்ச்சியாளர்கள் உட்கார்ந்து அவற்றைத் திருத்த வேண்டியிருந்தது. மென்பொருள் தொழிலில் இருபது வருஷம் குப்பை கொட்டிய எனக்கு இது புதுசில்லை. டேட்டா கெடுவதைவிட அதைப் பற்றிய குறிப்பு கெடுவதுதான் அதிகம்.

வீட்டுக்கு வந்து என் பழைய மலைப் படங்களைத் திறந்தேன். முதல் இரண்டு வருஷம் கேமரா கடிகாரத்தையே சரி செய்யாமல் விட்டிருக்கிறேன். எந்தப் படம் எந்த மழைக்குப் பிறகு எடுத்தது, அடிவாரத்தில் அந்தக் கட்டடம் எப்போது முளைத்தது, எதையும் சொல்ல முடியவில்லை. அழகான படங்கள், சாட்சியாக நிற்காது.

இப்போது மாடிக் கைப்பிடிச் சுவரில் பெயிண்டால் ஒரு குறி போட்டிருக்கிறேன். ஊரில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஏழு மணிக்கு, அதே இடம், அதே லென்ஸ், அதே மலை. கடிகாரம் சரியா என்று பார்த்துவிட்டுத்தான் க்ளிக். மேகம் மூடியிருந்தாலும் எடுத்துவிடுகிறேன். அதுவும் கணக்குத்தானே.